கோதாவில் இரு பெண்கள், கொட்டடியில் பல பெண்கள்

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் பெண்கள் குஸ்தி. கூலி உயர்வு, பஞ்சப்படி, பட்டா, வேலை நாள் என்று ஆயிரம் பிரச்னை இருக்கும்போது குஸ்தி எதற்கு என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றும். கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஓர் உரிமை எப்படி வருகிறது? யாருடைய கஷ்டத்தால் வருகிறது? வந்த பிறகு அதன் பெருமை யார் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது? இந்த மூன்று கேள்வியும் நம் கூலிப் பிரச்னையிலும் உண்டு. இவற்றைக் கண்ணாடி போலக் காட்டுகிற சம்பவம் ஒன்று சவூதி அரேபியாவில் நடந்தது. அதைத்தான் இன்று சற்று விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

அன்று நடந்தது என்ன?

2019-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி. ரியாத் நகரம். மன்னர் பஹத் பெயரில் உள்ள பெரிய விளையாட்டு அரங்கம். அமெரிக்காவின் டபிள்யூ டபிள்யூ ஈ என்ற குஸ்திக் கம்பெனி 'கிரௌன் ஜுவல்' என்ற காட்சியை அங்கே நடத்திற்று. அதில் இரண்டு பெண்கள் கோதாவில் இறங்கினார்கள். ஒருவர் நடாலியா. கனடாவில் பிறந்தவர், தலைமுறை தலைமுறையாகக் குஸ்தி போடும் குடும்பம். மற்றவர் லேசி எவன்ஸ். அமெரிக்க மரைன் படையில் பணியாற்றியவர். சவூதி மண்ணில் பெண்கள் குஸ்தி போட்டது அதுவே முதல் தடவை.

மற்ற நாடுகளில் இவர்கள் கையும் காலும் தெரிகிற உடையில்தான் கோதாவில் இறங்குவார்கள். அன்று கழுத்திலிருந்து கணுக்கால் வரை, மணிக்கட்டு வரை உடலை மூடிய உடுப்பு. அதன் மேல் தொளதொளவென்று ஒரு சட்டை. நடாலியா ஜெயித்தார். ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவரும் தோற்றவரும் கட்டித் தழுவிக் கண் கலங்கினார்கள். அரங்கில் பெண்களும் இருந்தார்கள், சிறுமிகளும் இருந்தார்கள்.

இது எந்த மாதிரிக் குஸ்தி என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒலிம்பிக்கில் நடக்கும் குஸ்தி வேறு. இந்தக் கம்பெனிக் குஸ்தியில் யார் ஜெயிப்பது, யார் தோற்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிடுவார்கள். தெருக்கூத்தில் துரியோதனன் கடைசியில் விழுவான் என்று தெரிந்தும் நாம் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறோம் அல்லவா, அது போல. முடிவுதான் எழுதி வைத்தது. விழுகிற விழுக்காடு உண்மை, முதுகில் படுகிற அடி உண்மை.

இரண்டு அபிப்பிராயங்கள்

இந்தச் சம்பவத்தைப் பற்றி இரண்டு விதமான அபிப்பிராயங்கள் எழுந்தன. "சவூதியில் பெண்களுக்கு விடுதலை பிறந்துவிட்டது, சரித்திரம் படைத்தாயிற்று" என்று கம்பெனியும் சர்க்காரும் பறை சாற்றின. "இது வெறும் கண்துடைப்பு, காசுக்கு ஆடிய ஆட்டம், இதில் ஒன்றுமில்லை" என்று வேறு சிலர் எழுதினார்கள்.

இரண்டாவது அபிப்பிராயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒன்றுமில்லையா? 2018 ஏப்ரல் 27-ந் தேதி இதே கம்பெனி ஜித்தா நகரில் பெரும் காட்சி நடத்திற்று. அதில் ஒரு பெண்ணுக்குக்கூட இடமில்லை. விளம்பரப் படம் ஓடும்போது பெண் வீராங்கனைகளின் உருவம் சில விநாடி திரையில் வந்துவிட்டது. அதற்காக சவூதி விளையாட்டு அதிகார சபை மறுநாள் மன்னிப்புக் கேட்டது! ஆபாசக் காட்சி வந்துவிட்டதாம். 2019 ஜூனில் மீண்டும் ஜித்தாவில் காட்சி. நடாலியாவும் இன்னொரு வீராங்கனையும் அந்த ஊருக்கே போய்க் காத்திருந்தார்கள். அனுமதி கிடைக்கவில்லை. கோதாவுக்கு வெளியே நின்றார்கள். அக்டோபரிலும் ஆட்டத்துக்கு முந்தின நாள்தான் ஊருக்கு அறிவித்தார்கள்.

பெண்ணின் உருவம் திரையில் வந்ததற்கு மன்னிப்புக் கேட்ட தேசத்தில், பதினெட்டு மாதங்களுக்குப் பிறகு பெண்கள் மேடையேறிப் பலம் காட்டினார்கள் என்றால் அது ஒன்றுமில்லாத விஷயம் அல்ல. தன் அம்மாவின் அருகில் உட்கார்ந்து அதைப் பார்த்த சிறுமிக்கு அது பெரிய விஷயம். பெண்ணுக்குப் புஜம் உண்டு, அந்தப் புஜத்தைப் பகிரங்கமாகக் காட்டலாம் என்று அவள் கண்ணால் கண்டுவிட்டாள். அதை அவள் மனதிலிருந்து யாரும் அழிக்க முடியாது. ஆகவே அந்த இரு பெண்களை நாம் ஏளனம் செய்யமாட்டோம்.

ஆனால் முதல் அபிப்பிராயத்தை அப்படியே விழுங்கவும் மாட்டோம். விடுதலை பிறந்துவிட்டது என்றால் பெற்றெடுத்தவர் யார்? வலி பட்டவர் யார்? அதைக் கேட்க வேண்டும்.

உழுதவர்கள் யார்?

நெல் அறுவடையாகிக் களத்துக்கு வந்துவிட்டால், களத்து மேட்டில் நிற்கிறவர்தான் விளைவித்தார் என்று வழிப்போக்கன் நினைப்பான். யார் உழுதார், யார் நாற்று நட்டார், யார் களை பறித்தார் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். சவூதியில் உழுதவர்கள் கதையைக் கேளுங்கள்.

1990-ம் ஆண்டு நவம்பர் 6-ந் தேதி. பெண்கள் கார் ஓட்டக் கூடாது என்று இருந்த காலம். 47 பெண்கள் கார்களில் ஏறி ரியாத் வீதிகளில் ஓட்டிச் சென்றார்கள். போலீஸ் பிடித்தது. பாஸ்போர்ட்டுகளைப் பறித்தது. சர்க்கார் வேலையில் இருந்தவர்கள் வேலையிழந்து வீட்டில் உட்கார்ந்தார்கள். ஊரெங்கும் அவர்கள்மீது அவதூறு. கார் ஓட்டியதற்கு இத்தனையும்!

2011 மே மாதத்தில் மனால் அல் ஷரீப் என்ற பெண் தாம் கார் ஓட்டுவதைப் படமெடுத்து யூடியூபில் போட்டார். ஒன்பது நாள் சிறையில் வைத்தார்கள். 2014 டிசம்பரில் லுஜைன் அல் ஹத்லூல் என்ற இளம்பெண் பக்கத்து நாட்டிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு சவூதி எல்லைக்கு வந்தார். 73 நாள் காவலில் வைத்தார்கள்.

விளையாட்டிலும் இதே கதைதான். 2012-ல் லண்டன் ஒலிம்பிக்குக்குத்தான் சவூதி முதல் முறையாகப் பெண்களை அனுப்பிற்று. இரண்டே பேர். அதில் வுஜ்தான் ஷாஹெர்கானி என்ற 16 வயதுப் பெண் ஜூடோவில் இறங்கினார். ஜூடோ என்பது குஸ்திக்குத் தங்கை முறை. பிடி போட்டு எதிரியைக் கீழே சாய்க்கிற விளையாட்டு. தந்தை ஜூடோ நடுவர். அவரே மகளுக்குக் கற்றுக்கொடுத்தார். தலையை மூடிக்கொண்டு ஆட விடலாமா கூடாதா என்று பெரிய சர்ச்சை நடந்து, கடைசியில் ஒரு குல்லாயோடு ஆட விட்டார்கள். 82 விநாடியில் தோற்றுப்போனார். தம் தேசத்திலேயே சிலர் அந்தச் சிறுமியின்மீது வசை மாரி பொழிந்தார்கள். அன்று சவூதி சர்க்கார் பள்ளிகளில் பெண் பிள்ளைகளுக்குத் தேகப்பயிற்சி வகுப்பே கிடையாது. அதற்கு அனுமதி அறிவித்தது 2017-ல்தான். பயிற்சிக்கு இடம் கொடுக்காமல், தோற்றதற்கு ஏசினார்கள்!

இவர்களெல்லாம்தான் உழுதவர்கள். அந்த 82 விநாடி இல்லாவிட்டால், அந்த 73 நாள் இல்லாவிட்டால், 2019-ல் அந்தக் கோதா வந்திருக்குமா?

கதவு திறந்தது ஏன்?

முப்பது வருஷம் மூடி வைத்த கதவை அரண்மனை திடீரென்று திறந்தது ஏன்? இளவரசருக்குத் திடீரென்று ஞானோதயம் பிறந்துவிட்டதா? கணக்கைப் பாருங்கள்.

2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே போயிற்று. எண்ணெய்ப் பணத்தை மட்டும் நம்பி ராஜ்யம் நடத்த முடியாது என்று மன்னராட்சிக்குத் தெரிந்துவிட்டது. 2016 ஏப்ரலில் 'விஷன் 2030' என்ற திட்டத்தை அறிவித்தார்கள். வேலை செய்யும் பெண்களின் பங்கை நூற்றுக்கு 22-லிருந்து 30-ஆக உயர்த்த வேண்டும் என்பது அதில் ஓர் இலக்கு. பெண் வேலைக்கு வரவேண்டுமானால் கார் ஓட்ட வேண்டும். அந்நிய மூலதனம் வரவேண்டுமானால் தேசத்துக்கு நல்ல முகம் வேண்டும். காசு வெளிநாட்டு உல்லாசத்துக்குப் போகாமல் உள்ளூரில் செலவாக வேண்டுமானால் சினிமா வேண்டும், பாட்டுக் கச்சேரி வேண்டும், குஸ்தி வேண்டும். 2018 ஏப்ரலில் முப்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு சினிமாக் கொட்டகை திறந்தது. அதே வருஷம் குஸ்திக் கம்பெனியோடு பத்து வருஷ ஒப்பந்தம். ஒரு காட்சிக்கு நாலைந்து கோடி டாலர் என்று பத்திரிகைகள் மதிப்பிட்டன.

ஆகவே கீழேயிருந்து பெண்கள் தள்ளினார்கள். மேலேயிருந்து பணமுடை இழுத்தது. கதவு திறந்தது. இதில் வியப்பில்லை. ஆலைச் சொந்தக்காரர் கூலியை உயர்த்துகிற நேரங்களை நாம் பார்த்ததில்லையா? சங்கத்தின் நெருக்கடியும் வேண்டும், ஆர்டர் தேங்கிக் கிடக்கிற அவசரமும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால் கை நீளுகிறது.

கம்பெனியின் யோக்கியதை

அந்தக் குஸ்திக் கம்பெனி மட்டும் பெண் விடுதலைக்காகப் பிறந்ததா? இருபது வருஷத்துக்கு முன்னே அதே கம்பெனி தன் வீராங்கனைகளை உள்ளாடையோடு நிறுத்தி வேடிக்கை காட்டி டிக்கெட் விற்றது. 2015 பிப்ரவரியில் பெண்கள் ஆட்டத்துக்கு அரை நிமிஷந்தான் ஒதுக்கிற்று. ரசிகர்கள் கொதித்தெழுந்து, பெண்களுக்கு வாய்ப்புக் கொடு என்று கண்டனம் எழுப்பினார்கள். அதன் பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. 2019 ஏப்ரலில்தான் அதன் வருடாந்திரப் பெருங்காட்சியில் பெண்கள் ஆட்டம் முதல் தடவையாகக் கடைசி ஆட்டமாக, தலைமை ஆட்டமாக வந்தது. ஆக, அமெரிக்காவிலும் அந்தப் பெண்களுக்குப் பெருமை சும்மா வரவில்லை.

இன்னொன்று. அந்தக் கம்பெனி தன் வீரர்களைத் தொழிலாளி என்று ஒப்புக்கொள்வதில்லை. சுயேச்சையான ஒப்பந்தக்காரர் என்று எழுதி வாங்கிக்கொள்கிறது. அவர்களுக்குச் சங்கம் கிடையாது. காண்டிராக்ட் கூலி என்ற பெயரில் நம் ஆலை வாசலில் நடக்கும் வித்தை, பளபளக்கும் மேடையிலும் நடக்கிறது!

2018 அக்டோபர் 2-ந் தேதி சவூதிப் பத்திரிகையாளர் ஜமால் கஷோகி இஸ்தான்புல் நகரில் சவூதித் துணைத் தூதரகக் கட்டடத்துக்குள்ளேயே கொல்லப்பட்டார். உலகமே அதிர்ந்தது. ஒரு மாதம் கழித்து, நவம்பர் 2-ந் தேதி, கம்பெனி ரியாத்தில் தன் காட்சியைத் தவறாமல் நடத்திற்று. ஜான் சீனா, டேனியல் பிரையன் என்ற இரு பெரிய வீரர்கள் போகவில்லை. கம்பெனி போயிற்று.

கொட்டடியில் யார்?

இனி இந்தக் கதையின் மர்மமான இடத்துக்கு வருவோம்.

2017 செப்டம்பரில், பெண்கள் கார் ஓட்டலாம் என்று அரச கட்டளை பிறந்தது. அன்றே, அந்த உரிமைக்காகப் பாடுபட்ட பெண்களுக்கு டெலிபோன் வந்தது. வாழ்த்துச் சொல்ல அல்ல. "இதைப் பற்றிப் பத்திரிகைக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்று எச்சரிக்க. 2018 ஜூன் 24-ல் தடை நீங்க வேண்டும். அதற்குச் சில வாரம் முன்பு, மே மாதத்தில், லுஜைனையும் அவருடைய தோழியரையும் கைது செய்தார்கள். துரோகிகள் என்று முத்திரை குத்தி அவர்கள் படங்களைப் பரப்பினார்கள். சிறையில் சித்திரவதை செய்தார்கள் என்று குடும்பத்தார் கூறினர், சர்க்கார் மறுத்தது.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! கார் ஓட்டும் உரிமை வந்தது. கேட்டவர் ஜெயிலுக்குப் போனார்.

2019 அக்டோபர் 31-ந் தேதி இரவு, ரியாத் அரங்கில் வாண வேடிக்கை நடந்துகொண்டிருந்தபோது லுஜைன் சிறையில் இருந்தார். சமர் பதாவி, நசீமா அல் சாதா என்ற பெண்களும் சிறையில் இருந்தார்கள். 2020 டிசம்பரில் லுஜைனுக்குப் பயங்கரவாதச் சட்டத்தின்படி 5 வருஷம் 8 மாதம் தண்டனை விதித்தார்கள். 2021 பிப்ரவரி 10-ந் தேதி வெளியே விட்டார்கள். வெளிநாடு போகத் தடை போட்டார்கள்.

அதோடு முடிந்ததா? மனாஹெல் அல் உத்தைபி என்ற பெண் தேகப்பயிற்சி ஆசிரியை. பெண்கள் உடம்பைத் திடமாக வைத்துக்கொள்ளக் கற்றுக்கொடுத்தவர். தம் உடை விஷயத்திலும், ஆண் பாதுகாவலர் முறையை ஒழிக்க வேண்டும் என்று சமூக வலைத்தளத்தில் எழுதிய விஷயத்திலும் குற்றம் சாட்டி, 2024 ஜனவரியில் 11 வருஷச் சிறைத் தண்டனை விதித்தார்கள். மேடையிலே புஜபலம் காட்டிய அந்நிய நாட்டுப் பெண்ணுக்குக் கைதட்டல். சொந்த நாட்டில் தேகப்பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண்ணுக்குச் சிறை!

இதன் சூட்சுமம் என்ன? நம் ஊர் நிலவரத்தில் வைத்துச் சொல்கிறோம். பத்து வருஷமாகப் போனஸ் கேட்டுச் சங்கம் போராடுகிறது. ஒரு நாள் முதலாளி சங்கச் செயலாளரைப் போலீஸில் பிடித்துக் கொடுக்கிறார். மறுநாள் மாலையும் கழுத்துமாக மேடையேறி, "என் பிள்ளைகளுக்குப் போனஸ் தருகிறேன்" என்கிறார். போனஸ் பணம் மெய்யான பணம்தான். அதை வேண்டாம் என்று எந்தத் தொழிலாளியும் சொல்லமாட்டான். ஆனால் முதலாளி அன்று இரண்டு பாடம் கற்பிக்கிறார். கொடுப்பது என் தயவு என்பது ஒரு பாடம். கேட்பது குற்றம் என்பது இன்னொரு பாடம். கொடுத்ததை நாளைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் தனக்கு வசதியாக வைத்துக்கொள்கிறார். தயவாக வந்தது தயவு தீர்ந்ததும் போய்விடும். போராடிப் பெற்றோம் என்று ஜனங்களுக்குத் தெரிந்தால்தான் அதைக் காப்பாற்ற நிற்பார்கள்.

எது வந்தது, எது வரவில்லை?

நியாயமாகக் கணக்குப் பார்க்க வேண்டும். 2018 ஜனவரியில் கால்பந்து அரங்கத்தில் பெண்களை அனுமதித்தார்கள். 2019 ஆகஸ்டில் 21 வயதுக்கு மேற்பட்ட பெண் ஆண் துணையின் அனுமதியின்றிப் பாஸ்போர்ட் பெறலாம் என்று ஆணை வந்தது. வேலை செய்யும் பெண்களின் பங்கு 30 சதவீத இலக்கைத் தாண்டிவிட்டது. 2020 பிப்ரவரியில் ரியாத்தில் பெண்கள் சாம்பியன் பட்டத்துக்கான ஆட்டமும் நடந்தது. இவையெல்லாம் மெய்யான மாற்றங்கள்.

ஆனால் 2022 மார்ச்சில் வந்த குடும்பச் சட்டத்திலும் பெண்ணின் திருமணத்தை முடித்து வைக்க ஆண் பாதுகாவலர் வேண்டும் என்றே எழுதினார்கள். 2021 மார்ச்சில் வெளிநாட்டுத் தொழிலாளர் வேலை மாறுவதற்குச் சில சலுகைகள் வந்தன. வீட்டு வேலை செய்யும் பெண்களை அதில் சேர்க்கவில்லை. அந்த வீடுகளில் பாத்திரம் துலக்கப் போகிறவர்களில் தமிழ்நாட்டுப் பெண்களும் இலங்கைத் தமிழ்ப் பெண்களும் உண்டு. நம் ஊர்க் குடிசையிலிருந்து போனவர்கள். குஸ்தி மேடையின் வெளிச்சம் அந்தச் சமையலறை வரை எட்டவில்லை.

நம் வீட்டையும் பார்ப்போம்

சவூதியை மட்டும் குறை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடக் கூடாது. நம் நாட்டில் பெண்கள் குஸ்திக்குத் தடையில்லை. 2016-ல் ரியோ ஒலிம்பிக்கில் சாக்ஷி மாலிக் வெண்கலம் வென்றார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் குஸ்தி வீராங்கனை அவரே. அந்த சாக்ஷியும் வினேஷ் போகட்டும் 2023-ல் டெல்லி ஜந்தர் மந்தர் வீதியில் உட்கார்ந்தார்கள். குஸ்தி சம்மேளனத் தலைவர் வீராங்கனைகளிடம் முறைகேடாக நடந்தார் என்பது புகார். அவர் அதை மறுத்தார். சுப்ரீம் கோர்ட் வரை போன பிறகே போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. மே 28-ந் தேதி, புதிய பாராளுமன்றக் கட்டடத்தின் திறப்பு விழா நடந்த அதே நாளில், அந்த வீராங்கனைகளைப் போலீஸார் தெருவில் இழுத்துச் சென்றார்கள். டிசம்பரில் அந்தத் தலைவருக்கு நெருக்கமானவரே சம்மேளனத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, சாக்ஷி தம் குஸ்திப் பூட்ஸைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு ஆட்டத்தை விட்டே விலகினார்.

பதக்கம் வாங்கி வந்தால் மாலை. நியாயம் கேட்டால் போலீஸ் வண்டி. ராஜ்யம் வேறு, சட்டம் வேறு. ஆனால் இந்தக் குணம் நமக்கும் அந்நியமானது அல்ல. அன்று அந்தப் பெண்களுக்குத் துணையாக விவசாயிகளும் தொழிற்சங்கங்களும் வந்து நின்றதை மறக்கக் கூடாது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

ஆகவே, தோழர்களே, பெண்ணுக்கு விடுதலை வந்துவிட்டதா என்பதை எப்படி அளப்பது? மேடையில் எத்தனை பெண்கள் ஏறினார்கள் என்பது ஓர் அளவு. அது வேண்டும். அதைவிடப் பெரிய அளவு ஒன்று இருக்கிறது. "எனக்கு இது வேண்டும்" என்று வாய் திறந்து கேட்ட பெண் அன்றிரவு தன் வீட்டில் படுத்துத் தூங்க முடிகிறதா? அந்த அளவுகோலை சவூதியிலும் வைத்துப் பாருங்கள், டெல்லியிலும் வைத்துப் பாருங்கள், நம் ஆலையிலும் வயலிலும் வைத்துப் பாருங்கள். நம் சொந்த வீட்டிலும் வைத்துப் பாருங்கள்.

நம் பெண் பிள்ளைகள் ஓடட்டும், குதிக்கட்டும், கபடி ஆடட்டும், குஸ்தி போடட்டும். ஊர் சிரிக்கும் என்று தகப்பன்மார் தடுக்க வேண்டாம். நாற்று நடுகிற முதுகுக்கும், நூற்பு மெஷின் முன் எட்டு மணி நேரம் நிற்கிற காலுக்கும் பலமில்லை என்று யார் சொன்னது?

அந்தப் பிள்ளைகளிடம் நடாலியாவின் பெயரைச் சொல்லுங்கள், லேசி எவன்ஸின் பெயரைச் சொல்லுங்கள். அதோடு 1990-ல் கார் ஓட்டி வேலையிழந்த 47 பெண்களின் கதையையும், 82 விநாடி நின்று ஆடிய வுஜ்தானின் கதையையும், சிறையிலிருந்த லுஜைனின் கதையையும் சொல்லுங்கள். அரசர் கொடுத்தார் என்று கேட்டு வளர்கிற பிள்ளை கையேந்தக் கற்றுக்கொள்ளும். பெண்கள் போராடி வாங்கினார்கள் என்று கேட்டு வளர்கிற பிள்ளை நிமிர்ந்து நிற்கும்.